மூன்றாவது சுற்று

குத்துச் சண்டையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். கிரிக்கெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமலே நாள் முழுவதும் பேசுகிறவர்கள் நம்மில் அநேகர். அவர்களுக்குக் கிடைக்கிற மன்னிப்பு எனக்கும் கிடைக்கும் என்ற தைரியத்தில்தான் இதை எழுதத் துணிந்தேன். என் வாழ்நாளில் ஆரம்பம் முதல் முடிவு வரை உட்கார்ந்து நான் பார்த்த குத்துச் சண்டை ஒன்றே ஒன்று. இல்லை, அப்படிச் சொல்வதும் சரியில்லை. நடுவில் ஒரு சுற்று தவறிவிட்டது. 2012-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 8-ஆம் தேதி லண்டன் ஒலிம்பிக் அரை இறுதியில் நம் மேரி கோமும் இங்கிலாந்தின் நிகோலா ஆடம்ஸும் மோதினார்களே, அந்தச் சண்டைதான் அது. நான் பார்த்தது குன்னூரில்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து மேரி கோமின் வாழ்க்கையை ஹிந்தியில் படமாக எடுத்தார்கள். உண்மையில் அந்தப் படத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் குன்னூரிலிருந்து ஆரம்பிக்காவிட்டால் அந்த அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது என்று வாசகர்களுக்கு விளங்காது. இதற்கு எனக்கு ஒரு பெரிய மனிதரின் துணையும் இருக்கிறது. 1821-ஆம் வருஷம் டிசம்பரில் ஹங்கர்போர்டு என்ற ஊருக்கு அருகே, பிரிஸ்டல்காரனான நீட்டும் 'காஸ்மேன்' என்று பட்டப்பெயர் கொண்ட ஹிக்மனும் சண்டையிட்டதைப் பார்க்க வில்லியம் ஹாஸ்லிட் போனார். அவருக்கும் அதுதான் முதல் சண்டை. மறு வருஷம் அவர் எழுதிய கட்டுரையில் பாதி, வண்டியைத் தவறவிட்டது, சத்திரத்தில் படுக்க இடம் கிடைக்காமல் இரவெல்லாம் பேசிக் கழித்தது ஆகிய சமாச்சாரங்கள்தான். சண்டை பிற்பாதியில்தான் வருகிறது. ஆனால் அந்த முற்பாதி இல்லாவிட்டால் பிற்பாதியை நாம் நம்பமாட்டோம்.

அந்த ஆடி மாதம் ஒரு நாவலை முடிப்பதற்காகக் குன்னூரில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். குன்னூருக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான். ஆடியில் சாரலும் மேகமும்தான் உண்டு. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மேஜைமேல் இருக்கும் காகிதத்தை அப்பளம் நமத்துப்போவதுபோல் நமக்கச் செய்துவிட்டுப் போகும். நாவலும் அதே போல் நமத்துத்தான் கிடந்தது. கதாநாயகியை ஜெயிக்கவிடுவதா தோற்கவிடுவதா என்று தெரியாமல் இருபது நாளாக ஒரே அத்தியாயத்தைத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருந்தார். மதராஸ் ரெஜிமெண்டில் இருபது வருஷத்துக்குமேல் பணி செய்தவர். வெலிங்டன் பாரக்ஸின் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்பதற்காகவே, ஊரில் இருந்த காணி நிலத்தை விற்றுவிட்டு இங்கே வீடு கட்டிக்கொண்டவர். காலையில் பாரக்ஸில் பிகில் ஊதும் சத்தம் கேட்டால்தான் தமக்குப் பசிக்கிறது என்பார். இளமையில் கம்பெனிக்குக் கம்பெனி நடக்கும் குத்துச் சண்டைப் போட்டிகளில் கோதாவில் இறங்கியிருக்கிறார். மூக்கைப் பார்த்தாலே தெரியும். அவருடைய மருமகள் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவள். கோத்தகிரிப் பக்கத்துப் பெண். அவளுடைய தாத்தா பாட்டி சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து, சாஸ்திரி - ஸ்ரீமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலேறி வந்தவர்கள்.

"சார், இன்னிக்கு சாயங்காலம் மேரி கோம் ஆடுது. வந்துடுங்க" என்று காலையிலேயே வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார் ஹவில்தார். அந்தப் பெயரை எனக்குத் தெரியும். நாட்டில் பலருக்கும் தெரிந்த அளவுக்குத்தான் தெரியும். அதற்குள் அவர் ஐந்து முறை உலகச் சாம்பியன் ஆகியிருந்தார் என்பது அன்று ஹவில்தார் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. 2002, 2005, 2006, 2008, 2010 என்று வருஷத்தை விரல்விட்டு எண்ணிக் காட்டினார். நான் பத்திரிகை படிக்கிறவன், அதில் எழுதுகிறவனும்கூட. ஐந்து உலகப் பட்டங்கள் என் கண்ணில் படாமலே போயிருக்கின்றன. என் கண் மட்டுமா? அந்தப் பத்து வருஷம் இந்தத் தேசமே அப்படித்தான் இருந்தது.

மாலை ஆறு மணி சுமாருக்குப் போனேன். டெலிவிஷனுக்கு முன்னால் எனக்கு ஒரு நாற்காலி. ஹவில்தார் கட்டில்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மருமகள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, ஈரத் தலையைத் துவட்டியபடி வாசற்படியில் நின்றாள்.

சண்டை தொடங்குமுன் ஹவில்தார் எனக்குப் பாடம் நடத்தினார். பெண்கள் குத்துச் சண்டையை ஒலிம்பிக்கில் சேர்த்ததே இதுதான் முதல் தடவை. மூன்றே எடைப் பிரிவுகள் வைத்திருந்தார்கள். மேரி கோமின் வழக்கமான எடை 48 கிலோ. அந்தப் பிரிவு லண்டனில் இல்லை. ஆகவே 51 கிலோப் பிரிவில் தம்மைவிட உயரமும் எடையும் கொண்ட பெண்களோடு அவர் மோத வேண்டியிருந்தது.

"மூணு கிலோதானே, மாமா? நான் ஒரு நாளைக்கு முப்பது கிலோ கொழுந்து சுமக்கிறேன்" என்றாள் மருமகள்.

"சுமக்கறது வேற. அந்த மூணு கிலோ எதிரில நின்னு குத்தும்" என்றார் ஹவில்தார்.

இதைவிட ஸ்வாரஸ்யமான சமாச்சாரம் ஒன்றும் சொன்னார். அதே வருஷம் மே மாதம் சீனாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் கால் இறுதியில் மேரி கோம் இதே நிகோலா ஆடம்ஸிடம் 11-க்கு 13 என்று தோற்றுப்போயிருந்தார். ஒலிம்பிக்குக்குப் போகும் வழி அத்துடன் அடைபட்டிருக்க வேண்டும். ஆனால் ஆடம்ஸ் அடுத்த சண்டையில் ஜெயித்ததால், கணக்குப்படி மேரிக்கும் லண்டனில் ஓர் இடம் கிடைத்தது. யாரிடம் தோற்றாரோ அவர் ஜெயித்தால்தான் தமக்கு வாழ்வு. அந்த வாழ்வைப் பெற்றுக்கொண்டு லண்டன் போனால் அங்கேயும் எதிரே நிற்பது அவரேதான். கதையில் நான் இப்படி ஒரு சிக்கலை எழுதியிருந்தால், 'மிகவும் செயற்கை' என்று விமர்சகர்கள் தள்ளியிருப்பார்கள்.

சண்டை ஆரம்பமாயிற்று. சுற்றுக்கு இரண்டு நிமிஷம். மொத்தம் நாலு சுற்று. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: நம் பெண் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் பின்னாலும் பக்கவாட்டிலும் நகர்ந்துகொண்டே இருந்தாள். பின்னால் போகிறவள் தோற்கிறவள், முன்னால் போகிறவள் ஜெயிக்கிறவள் என்பது என்னுடைய சாஸ்திரம். அதனால் முதல் சுற்று முடிந்து எண்கள் வந்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். ஆடம்ஸ்தான் முன்னால் இருந்தார்.

"தூரம், சார், தூரம்" என்றார் ஹவில்தார். "அந்தப் பொண்ணுக்குக் கை நீளம். எவ்வளவு தூரத்துல நிக்கணும்னு அதுதான் முடிவு பண்ணுது. நம்ம பொண்ணு எட்டிப் போறதுக்குள்ள அது குத்திட்டு நகர்ந்துடுது."

அந்தக் காலத்தில் இந்தப் போட்டிகளில் நடுவர்கள் ஒவ்வொரு குத்துக்கும் பொத்தானை அழுத்துவார்கள். கம்ப்யூட்டர் கூட்டிச் சொல்லும். 1988-இல் ஸோலில் ராய் ஜோன்ஸ் என்ற அமெரிக்கருக்கு நடந்த அநியாயத்தை உலகமே பார்த்துச் சிரித்த பிறகு, 1992 ஒலிம்பிக்கிலிருந்து கொண்டுவந்த ஏற்பாடு இது. பிறகு 2013-இல் இதையும் கைவிட்டுவிட்டார்கள். குத்து விழுந்தால் மட்டும் போதாது. நடுவர் கண்ணிலும் அது விழவேண்டும். இரண்டாவது சுற்றிலும் நடுவர் கண்ணில் விழுந்தவை அதிகமும் ஆடம்ஸின் குத்துக்களாகவே இருந்தன. லண்டன் ஜனங்கள் போட்ட கூச்சலில் அந்தச் சின்ன டெலிவிஷன் அதிர்ந்தது. ஹவில்தார் ஒன்றும் பேசவில்லை. முழங்கால்மேல் வைத்திருந்த வலது கை மட்டும் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. உதடு அசைந்ததைப் பார்த்தேன். 'அடி, கொல்லு' என்று அவருடைய ரெஜிமெண்டின் போர் முழக்கத்தைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது சுற்றுக்கு மணி அடித்தது. மின்சாரம் போய்விட்டது.

2012-இல் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு இதை விவரிக்கவேண்டிய அவசியம் இல்லை. மருமகள் உள்ளே போய் மெழுகுவத்தி கொண்டுவந்து தட்டில் ஒட்டினாள். வெளியே மேகம். எதிரே டெலிவிஷன் இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம். மூன்று பேரும் அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதை விட்டு எழுந்திருக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த இருட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, மருமகள் கேட்டது. "மாமா, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. ரெட்டைப் புள்ளைங்க. மூணு நாளைக்கு முன்னாலதான் அஞ்சு வயசு முடிஞ்சுது. அன்னிக்குத்தான் இதுக்கு மொதல் சண்டை."

"யாரு பார்த்துக்கறாங்க?"

"புருஷன்காரரு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "சாப்பிட்டிருக்குமோ என்னமோ" என்றாள். பிள்ளைகளைச் சொன்னாளா, கோதாவில் நின்ற தாயைச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்னொன்று, எனக்குள் நடந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தக் கறுப்புச் சதுரத்தில் மூன்றாவது சுற்றை நானே நடத்தினேன். மேரி கோம் குனிந்து ஆடம்ஸின் நீண்ட கைகளுக்குள்ளே நுழைகிறார். இடது கை மேலெழும்பி மோவாயில் இறங்குகிறது. ஆடம்ஸின் முழங்கால் மடங்குகிறது. கூச்சல் சட்டென்று அடங்குகிறது. தூரத்தில் மணிப்பூர் மலைக் கிராமத்தில் இரண்டு குழந்தைகள் எழுந்து கை தட்டுகின்றன. வாக்கியங்கள்கூட அமைந்துவிட்டன. அவ்வளவு நன்றாக அந்த இருபது நாளில் நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. மின்சாரம் வரும்போது எண்கள் மாறியிருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் இருந்தது.

மின்சாரம் வந்தது. டிஷ் பெட்டிக்கு உயிர் வர மேலும் ஒரு நிமிஷம் ஆயிற்று. படம் தெரிந்தபோது நாலாவது சுற்று தொடங்கிவிட்டிருந்தது. மேரி கோம் அப்போதும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஆடம்ஸ் அப்போதும் நகர்ந்துகொண்டிருந்தார். முடிவில் 11-க்கு 6. நடுவர் ஆடம்ஸின் கையைத் தூக்கினார்.

"கடைசி வரைக்கும் முன்னாலேயே போச்சு, சார்" என்றார் ஹவில்தார், வெகு நேரம் கழித்து. "ஜெயிக்க முடியாதுன்னு ரெண்டாவது ரவுண்டுலயே அதுக்குத் தெரிஞ்சிருக்கும். இருந்தும் போச்சு."

"தோத்தாலும் மெடல் உண்டா, மாமா?"

"உண்டு. வெண்கலம்."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் ஆடம்ஸ், மூன்று முறை உலகச் சாம்பியனான சீனத்துப் பெண் ரென் கான்கானை 16-க்கு 7 என்று ஜெயித்து, ஒலிம்பிக்கில் குத்துச் சண்டைத் தங்கம் பெற்ற முதல் பெண் ஆனார். மேரி கோம் தங்கம் வாங்க முடியாததற்காகத் தேசத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார் என்று பத்திரிகையில் படித்தேன். அவர் ஐந்து பட்டம் ஜெயித்தபோது திரும்பிப் பார்க்காத தேசம் அது. அதனிடம் மன்னிப்பு! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஐந்து தங்கமும் செய்யாததை இந்த ஒரு வெண்கலம் செய்தது. நாடு முழுவதும் அவர் பெயர் சொல்லப்பட்டது லண்டனில் தோற்ற பிறகுதான்.

சில மாதங்களுக்குப் பிறகு அந்தச் சண்டையின் பதிவு கிடைத்தது. ஆசையோடு மூன்றாவது சுற்றைப் போட்டுப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது சுற்றைப் போலவே இருந்தது. ஒருத்தி முன்னால் போனாள், ஒருத்தி நகர்ந்தாள், சில குத்துக்கள் விழுந்தன, பல காற்றில் போயின. இரண்டு நிமிஷம் முடிந்து மணி அடித்தது. நான் இருட்டில் எழுதியதில் ஓர் எழுத்துக்கூட அங்கே நடக்கவில்லை. ஆனால் இரண்டாம் தடவை பார்க்கும்போது ஹவில்தார் சொன்ன 'தூரம்' எனக்குக் கொஞ்சம் புரிந்தது. ஒரு முழத்துக்கும் குறைவான ஓர் இடைவெளியை ஒரு பெண் எட்டு நிமிஷம் கடக்க முயன்று முடியாமல் போகிறாள். முடியாது என்று தெரிந்தும் முயல்கிறாள். நான் இட்டுக்கட்டியதைவிட அது எவ்வளவோ உயர்ந்த விஷயம் என்று பட்டது.

இனிப் படத்துக்கு வருகிறேன். 2014 செப்டம்பரில் 'மேரி கோம்' வெளிவந்தது. ஸஞ்சய் லீலா பன்ஸாலி தயாரித்தது. டைரக்டர் ஓமங் குமார். மேரியாக நடித்தவர் பிரியங்கா சோப்ரா. கோயம்புத்தூரில் ஒரு தியேட்டரில் பார்த்தேன்.

குறையை மட்டும் சொல்வது நியாயமல்ல. நடிகை பட்ட பாடு ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. கணவன் பாத்திரம் மிகையில்லாமல் அமைந்திருக்கிறது. கல்யாணமும் பிரசவமும் ஆன பிறகு ஒரு பெண் தன் பழைய உடம்பைத் தேடிப் போவது என்பது நம் சினிமா அதிகம் தொடாத விஷயம். அந்தப் பகுதியில் உண்மை இருக்கிறது. மணிப்பூர்ப் பெண்ணின் முகத்துக்குப் பம்பாய் நட்சத்திரத்தின் முகத்தை வைத்தது சரியா என்று அப்போது ஒரு பெரிய விவாதம் நடந்தது. நியாயமான கேள்விதான். போதாக்குறைக்கு, 2000-ஆம் வருஷம் முதல் ஹிந்திப் படங்களுக்கு அங்கே தீவிரவாதிகள் விதித்திருந்த தடையால், மேரி கோமின் சொந்த மாநிலத்துத் தியேட்டர்களில் அந்தப் படம் ஓடவும் இல்லை. ஆனால் என்னுடைய சண்டை முகத்தைப் பற்றியது அல்ல.

படம் 2008-ஆம் வருஷத்து உலகச் சாம்பியன் போட்டியோடு முடிந்துவிடுகிறது. லண்டன் காட்சியாக வரவே இல்லை. எந்தச் சண்டையினால் தேசம் அவரை அறிந்ததோ, எந்தச் சண்டை இல்லாவிட்டால் இந்தப் படத்தை எடுக்க யாருக்குமே தோன்றியிருக்காதோ, அந்தச் சண்டைக்குப் படத்தில் இடம் இல்லை. காரணம் வெளிப்படை. அதில் கதாநாயகி தோற்றுவிடுகிறாள்.

அதற்குப் பதிலாக என்ன வைத்திருக்கிறார்கள்? 2008 இறுதிச் சண்டைக்குக் கோதாவில் நிற்கும் தாய். ஊரில் இருதய அறுவை சிகிச்சைக்காகப் படுத்திருக்கும் மகன். இங்கே குத்து, அங்கே ஆஸ்பத்திரி என்று மாறி மாறி வருகிறது. அடிபட்டு நிலைகுலைந்த நேரத்தில் கணவனும் குழந்தைகளும் அவள் கண்முன் தோன்றுகிறார்கள். உடனே அவளுக்கு எங்கிருந்தோ பலம் வந்துவிடுகிறது. ஜெயம், மகன் பிழைத்தான் என்ற செய்தி, தேசிய கீதம். தியேட்டரில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மகனுக்கு அறுவை சிகிச்சை நடந்தது வாஸ்தவம்தான். ஆனால் அது 2011-இல், மேரி கோம் வேறொரு போட்டிக்காகச் சீனாவுக்குப் போயிருந்தபோது நடந்தது. மூன்று வருஷத்துக்குப் பின்னால் நடந்ததைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டார்கள். கதை சொல்கிறவன் காலத்தை மாற்றலாம், நானும் செய்கிறவன்தான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எனக்கு வியர்த்தது வேறு காரணத்தால். திரையில் நான் பார்த்தது குன்னூரில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நான் இட்டுக்கட்டிய அதே மூன்றாவது சுற்று. கை தட்டும் குழந்தைகள் உட்பட எதுவும் விட்டுப்போகவில்லை. இத்தனை கோடி செலவழித்து ஒரு கூட்டம் சேர்ந்து செய்ததை, மின்சாரம் இல்லாத நாலு நிமிஷத்தில் நான் தனியாகவே செய்து முடித்திருந்தேன். அப்படியானால் அது கற்பனை அல்ல. இருட்டில் யாருக்கும் தானாகவே தோன்றுகிற விஷயம்.

மருமகளின் கேள்வியை நினைத்துக்கொண்டேன். யார் பார்த்துக்கொள்கிறார்கள், சாப்பிட்டிருக்குமோ என்னமோ. அந்தக் கேள்விக்கும் அந்தக் குத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குழந்தை சாப்பிட்டதால் குத்து பலமாக விழாது, சாப்பிடாததாலும் விழாது. அந்தத் தாய் அந்தக் கவலையையும் சுமந்துகொண்டுதான் கோதாவில் நின்றாள் என்பதுதான் விஷயம். படமோ கவலையை எடுத்துப் பலமாக மாற்றிக் காட்டிவிடுகிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தெரியும், கூடையின் கனம் கையின் பலமாக மாறுவதில்லை என்று.

இதை நம் புலவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. புறநானூற்றில் சாத்தந்தையார் என்ற புலவர், ஆமூர் மல்லனோடு பெருநற்கிள்ளி பொருததைப் பாடியிருக்கிறார். சண்டையின் வேகத்துக்கு அவர் சொல்லும் உவமை, கட்டில் பின்னுகிற ஒரு தொழிலாளியின் கையில் உள்ள ஊசி. அவனுக்கு என்ன அவசரம்? ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேதனை, மழை வேறு பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அத்தனை நெருக்கடியில் அவன் கை எப்படி ஓடுமோ, அப்படி ஓடியது போர் என்கிறார். ஆஸ்பத்திரியும் இருக்கிறது, குடும்பமும் இருக்கிறது. ஆனால் அவை சண்டைக்காரனை ஜெயிக்கவைக்க வந்த வரப்பிரசாதங்கள் அல்ல. ஒரு சாமானியனின் தவிப்பு கைவேகமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். நாலைந்து வரிக்குள் இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் புலவர் நகர்ந்துவிடுகிறார்.

ஜனங்கள் ஜெயத்தைத்தானே பார்க்க வருகிறார்கள் என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. 1976-இல் வந்த 'ராக்கி' என்ற அமெரிக்கப் படத்தில் கதாநாயகன் கடைசிச் சண்டையில் நடுவர்கள் தீர்ப்பில் தோற்றுத்தான் போகிறான். உலகம் முழுவதும் ஜனங்கள் அதைக் கொண்டாடினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2021 ஜூலையில் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்தது. வட சென்னைக் குத்துச் சண்டைப் பரம்பரைகளைப் பற்றிய கதை. அந்தப் படமும் கடைசியில் கதாநாயகன் கபிலனின் ஜெயத்தோடுதான் முடிகிறது. ஆனால் படம் முடிந்து ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது யாரை? டான்ஸிங் ரோஸை. எதிர்ப் பரம்பரைக்காரன், நடுவில் வந்து, ஆடிக் காட்டி, தோற்றுப்போகிறவன். எதிராளியின் திறமையை ஒப்புக்கொள்ளத் தெரிந்தவன். குழந்தைகள்கூடத் தெருவில் அவனைப்போல் ஆடிக் காட்டினார்கள். கபிலனின் இறுதி ஜெயத்தை யாரும் ஆடிக் காட்டியதாக நான் பார்க்கவில்லை. தோற்கிறவனை ரசிக்க ஜனங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் நாங்கள்தான், கதை சொல்லுகிறவர்கள்.

அந்தப் படம் வெளியான ஒரு வாரத்துக்கெல்லாம், ஜூலை 29-ஆம் தேதி, மேரி கோம் டோக்கியோவில் தம் கடைசி ஒலிம்பிக் சண்டையை ஆடினார். அதற்குள் 2018-இல் ஆறாவது உலகப் பட்டமும் பெற்றுவிட்டிருந்தார். வயது முப்பத்தெட்டு. எதிரே கொலம்பியாவின் இங்க்ரிட் வாலென்ஸியா. மூன்று சுற்றில் பின்னிரண்டு மேரி கோம் பக்கம் போயின. ஆனால் முதல் சுற்றில் விட்டது அதிகம். ஐந்து நடுவர்களில் மூன்று பேர் வாலென்ஸியாவுக்கும் இரண்டு பேர் மேரிக்கும் சொன்னார்கள். தாம் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக் கையை உயர்த்திச் சிரித்தார். தோற்றுவிட்டோம் என்பது கோதாவை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதே பெருநற்கிள்ளியின் சண்டையைப் பார்த்த நக்கண்ணையார் என்ற பெண்பாற் புலவர், ஒரு சாரார் அவன் ஜெயித்தான் என்கிறார்கள், மற்றொரு சாரார் இல்லை என்கிறார்கள் என்று பாடியது நினைவுக்கு வந்தது. நக்கண்ணையார் ஓடிப்போய்ப் பனை மரத்தோடு சாய்ந்து நின்று தம் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார். நான் சென்னையில் ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, அந்தச் சண்டையைப் பார்க்காமலே இருந்துவிட்டேன்.

அன்று மாலை குன்னூரிலிருந்து டெலிபோன் வந்தது. ஹவில்தாருக்குக் காது மந்தமாகிவிட்டது, கத்தித்தான் பேசினார்.

"சார், இந்தத் தடவை கரண்ட் போகலே. மூணு ரவுண்டும் பார்த்துட்டேன். ஜெயிச்சுட்டான்னுதான் சார் நானும் நெனச்சேன்."

பின்னாலிருந்து மருமகளின் குரல் கேட்டது. யார் போனில் என்று விசாரித்துவிட்டு, அந்த நாவலை முடித்துவிட்டேனா என்று கேட்கச் சொன்னாள்.